ஹொக்ஸ்டன் சதுக்கத்து அப்போதிக்கரி

சென்ற பாடசாலை விடுமுறையின்போது என் தமக்கையாரின் மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். தாதியர் பயிற்சிக் கல்லூரியிலே இரண்டாம் ஆண்டிற் பயில்பவள். நரம்பு மண்டலத்து நோய்கள் என்னும் பகுதியை அப்பொழுது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாலை தன் குறிப்புப் புத்தகத்தை என் முன்னே விரித்து, அங்கு எழுதியிருந்த நோய் ஒன்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லவேண்டுமென்று கேட்டாள். அவள் விரல் வைத்த இடத்திலே ஒரு மனிதரின் பெயரே நோயின் பெயராக நின்றது: பார்க்கின்சன் நோய். பக்கத்திலே தாடி வளர்த்த கனவான் ஒருவரின் புகைப்படம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

பண்டிதனிடம் பெயர் கேட்டால் அவன் சும்மா இருப்பானா? நடுக்குவாதம் என்று உடனே சொல்லிவிட்டேன். நம் பழைய வைத்தியர் கம்பவாதம் என வழங்கியதும் உண்டு என்று ஒரு சிறு விரிவுரையும் நிகழ்த்தினேன். அவளோ திருப்தியடையவில்லை. நோயின் குறிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அன்று சொல் தேடப் புகுந்த நான், இரண்டு கிழமையாக ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 11ஆம் நாள், இலண்டன் மாநகரின் ஓரத்திலே ஷோர்டிச் பகுதியைச் சேர்ந்த ஹொக்ஸ்டன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜோன் பார்க்கின்சன் அங்கே அப்போதிக்கரியாகவும் சத்திரவைத்தியராகவும் தொழில் நடத்தியவர். அப்போதிக்கரி என்ற சொல் நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் மருந்துச்சாலையைத் தாங்கி நின்ற அப்போதிக்கரிமாரை நம் பெற்றோர் நன்கறிவர். பட்டம் பெற்ற பெருவைத்தியர் செல்வர் மாளிகைக்குப் போக, ஏழை வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போகின்றவர் அப்போதிக்கரியே. அக்காலத்து இங்கிலாந்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஹொக்ஸ்டன் சதுக்கத்து முதலாம் இலக்க வீட்டிலே பார்க்கின்சன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அங்கே அவர் நோயாளரைப் பார்த்தார்; நூல்கள் எழுதினார்; கற்களையும் சேர்த்தார். கற்கள் எவை என்பது பின்னாலே தெரியும்.

தந்தையாரிடம் தொழில் பழகிய பின்னர், 1776இல் இலண்டன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதகாலம் பயின்றார். 1777இல், தூக்கிட்டுக்கொண்ட ஒருவரை உயிர்ப்பித்தமைக்காக, நீரில் மூழ்கியோரையும் மூச்சடங்கியோரையும் மீட்பதற்கென நிறுவப்பட்டிருந்த மனிதாபிமானச் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது. 1781இல் மேரி டேல் என்னும் நங்கையை மணந்தார். 1784இல் சத்திரவைத்தியராக அங்கீகாரம் பெற்றார். இவ்வளவும் அக்காலத்து வைத்தியர் எவருக்கும் பொருந்தக்கூடிய வரலாறே.

ஆனால் ஒன்றை ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும். 1785இலே, ஏற்கெனவே தொழிலிலிருந்த முப்பது வயது மனிதர், புகழ்பெற்ற சத்திரவைத்தியர் ஜோன் ஹன்டரின் விரிவுரைகளுக்கு மாணவராய்ச் சென்று அமர்ந்தார். கேட்டவற்றைச் சுருக்கெழுத்திலே எழுதி வைத்தார். அக்குறிப்புகளைப் பல ஆண்டுகள் கழித்து மகன் விரித்தெழுதி 1833இல் நூலாக வெளியிட்டார். வைத்திய மாணவர்க்கு 1800இல் எழுதிய நூலொன்றிலும், சுருக்கெழுத்தும் சித்திரம் வரைதலும் கற்றுக்கொள்ளுமாறு பார்க்கின்சன் அறிவுரை கூறியிருக்கின்றார். சுருக்கெழுத்து காதுக்குத் துணை; சித்திரம் கண்ணுக்குத் துணை. வைத்தியனுக்கு வேண்டியவை இவை என்று ஒருவர் நினைத்தாரென்றால், அவர் எத்தகைய வைத்தியர் என்பது விளங்கும்.

இந்த அமைதியான மனிதரை அரசாங்கம் ஒருகாலத்திற் சந்தேகக் கண்கொண்டு பார்த்தது. 1789இல் பிரான்சிலே புரட்சி எழுந்தபின், வாக்குரிமை சிலருக்கே உரியதாயிருந்த இங்கிலாந்திலும் கைவினைஞரும் சிறுவணிகரும் கூடிச் சீர்திருத்தம் கேட்கலாயினர். இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கம் என்பது அவர்கள் நடத்திய சங்கம். பார்க்கின்சன் அதில் உறுப்பினர். முதுவர் ஹியூபேட் என்னும் புனைபெயரிலே சிறு பிரசுரங்கள் எழுதி, ஏழைகள்மீது சுமத்தப்பட்ட வரியையும் போரையும் கண்டித்தார். இரத்தம் சிந்தாத புரட்சி என்பது 1794இல் வந்த பிரசுரம் ஒன்றின் தலைப்பு. தலைப்பே அவர் உள்ளத்தைக் காட்டும்.

அவ்வாண்டிலேயே ஒரு விபரீதக் குற்றச்சாட்டு எழுந்தது. நாடகசாலையிலே காற்றுத் துவக்கினால் நஞ்சு தோய்ந்த அம்பை எய்து மூன்றாம் ஜோர்ஜ் மன்னரைக் கொல்லச் சிலர் சதி செய்தனர் என்று சொல்லி அச்சங்கத்தினர் சிலரைச் சிறையிலிட்டனர். சிறைப்பட்டவர்களுக்குத் துணைநின்று சாட்சி சொல்ல பார்க்கின்சன் முன்வந்தார். 1794 ஒக்டோபரிலே பிரிவி கவுன்சிலின் முன் அவர் விசாரிக்கப்பட்டார். தம்மைத் தாமே குற்றத்துக்குள்ளாக்கும் விடையைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று முதலிலேயே நிபந்தனை கேட்டார். பின்பு, முதுவர் ஹியூபேட் தாமே என்பதை மறைக்காமற் கூறிவிட்டார். நாட்டின் மிகப் பெரிய அதிகாரிகளின் முன், மனைவி மக்களையுடைய ஓர் அப்போதிக்கரி இவ்வாறு நின்றதை நான் சிறு செயலாக மதிக்கவில்லை. சதி வழக்கு 1796இல் விடுதலையோடு முடிந்தது. அதன்பின் அரசியற் பிரசுரங்களை அவர் எழுதவில்லை. அஞ்சி விட்டார் என்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழையர் பக்கம் நின்ற எழுத்து, பெயரை மாற்றிக்கொண்டு வேறு வழியிற் சென்றது என்றே எண்ணுகின்றேன். கிராமத்து மக்கள் தாமே வாசித்து நோயை அறிதற்கேற்ற நூல், சிறுவர்க்கு ஆபத்தான விளையாட்டுகளைக் கதைபோல எடுத்துரைக்கும் நூல், பட்டினத்து ஏழைகளிடையே காய்ச்சல் பரவாமல் நோயாளரை வேறிடத்தில் வைத்துப் பார்க்கவேண்டுமென்று 1818இல் எழுதிய நூல் என அவர் எழுதியவை பல. எல்லாவற்றையும் இங்கே விரிக்க இடமில்லை.

கற்கள் என்று சொன்னேனே, அவை உயிர்ச்சுவடுகள். பண்டைக்காலத்து விலங்கும் தாவரமும் பாறையிலே பதித்துச் சென்ற வடிவங்களை அவர் ஆர்வத்தோடு சேர்த்தார். முன்னைய உலகொன்றின் உயிரெச்சங்கள் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1807இல் இலண்டனிலே புவிச்சரிதவியற் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். சுருள்வடிவான பண்டைக் கடலுயிரி வகையொன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது. அவர் வாழ்ந்த காலத்தில் அவரைக் கற்றோர் அறிந்தது பெரும்பாலும் இத்துறையினாலேயே. எந்த நோயினால் இன்று உலகம் அவரை அறிகின்றதோ, அதைப்பற்றிய நூல் அன்று பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்நூல் 1817இலே வெளிவந்தது. அறுபத்தாறு பக்கம் கொண்ட சிறுநூல். ஆசிரியர்க்கு அப்பொழுது வயது அறுபத்திரண்டு. நடுங்கும் வாதம் பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். அதிலே அவர் காட்டுவது ஆறே ஆறு நோயாளர். அந்த ஆறு பேரிலும் இருவரை அவர் தெருவிலே நடந்து செல்லும்போது கண்டு, நிறுத்திப் பேசி விசாரித்தார். இன்னொருவரைத் தூரத்தே நின்று பார்த்தாரேயன்றி அருகே சென்றதுமில்லை. ஒரு பெருநோயின் முதல் வரலாறு, பாதிக்குமேல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்றித் தெருவிலும் வீட்டிலும் எழுந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலாமவர் ஐம்பது கடந்த தோட்டக்காரர். இரண்டாமவர் அறுபத்திரண்டு வயதினர். நீதவான் அலுவலகத்திலே ஏவலாளாக இருந்தவர். மூன்றாமவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க மாலுமி. ஸ்பானியச் சிறையிலே ஈரத்தரையில் பல மாதம் கிடந்ததனால் தமக்கு இந்நோய் வந்ததென்று அம்மாலுமி நம்பினார். தூரத்தே கண்ட நோயாளரின் காட்சி மறக்க முடியாதது. அவருடைய வேலைக்காரன் எதிரே நின்று இரு தோளிலும் கைவைத்து மெல்ல முன்னும் பின்னும் அசைப்பான். நிலை கொண்டவுடன் கையை எடுப்பான். உடனே நோயாளர் முன்னோக்கி ஓடத் தொடங்குவார். விழாமற் பிடிப்பதற்காக வேலைக்காரன் எதிரிலிருந்து விலகித் தானும் முன்னோக்கி ஓடுவான். நடக்க விரும்பினாலும் ஓடவே நேர்கின்ற அந்தத் துயரத்தைப் பார்க்கின்சன் நன்றாகக் கண்டுகொண்டார். ஆறாமவர் எழுபத்திரண்டு வயதினர். அவருக்கு வலப்புறம் பாரிசவாதம் வந்தபொழுது அப்பக்கத்து நடுக்கம் நின்றுவிட்டது. ஏறக்குறைய இரண்டு கிழமையில் வலிமை திரும்பியபோது நடுக்கமும் திரும்பியது. நடுக்கம் கையிற் பிறப்பதன்று, அதனை நடத்துவது வேறோரிடம் என்பதற்கு இது சான்றாகும்.

நோய் எப்படி வருகின்றது என்பதை அவர் ஒரு பயணத்தை விவரிப்பதுபோல எழுதியிருக்கின்றார். எப்பொழுது தொடங்கியதென்று நோயாளர்க்கே தெரியாதாம். ஒரு கையிலே சிறு தளர்ச்சி, சிறு நடுக்கம். அதுவும் கை ஓய்ந்திருக்கும்போது. மாதங்கள் செல்ல மற்றக் கைக்கும் பரவும். உடல் முன்னோக்கிக் குனியும். எழுதும் கை சொற்கேளாது. உணவை வாய்க்குக் கொண்டுபோதல் கடினமாகும். பேச்சுக் குழறும், விழுங்குதல் இயலாது, உமிழ்நீர் தானே வடியும். ஆண்டுக்கணக்கிலே நிகழும் இம்மாற்றத்தை, வெவ்வேறு நிலையில் நின்ற ஆறுபேரைக் கொண்டு ஒரே நோயென்று இணைத்ததே அவருடைய பெருஞ்செயல். நடுக்கத்தையும் ஓட்ட நடையையும் முன்னோர் தனித்தனியே எழுதியிருந்தனர். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்று கண்டவர் இவரே.

அவருடைய பிழைகளையும் மறைத்தல் ஆகாது. நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதியிலுள்ள முண்ணாண் என்று கருதினார், அது தவறு. கழுத்தின் மேற்புறத்திலே இரத்தம் வடித்தலும் கொப்புளம் எழுப்புதலும் சிகிச்சை என்றார். அதனால் யாரும் குணமடைந்திருக்க முடியாது. புலனும் அறிவும் பழுதுறுவதில்லை என்றார். சிலர்க்கு மனச்சோர்வும், பிற்காலத்தில் நினைவுத் தளர்ச்சியும் உண்டாவதை இன்று அறிவோம். உடம்பு மரம்போல விறைப்பதை அவர் குறிக்கவேயில்லை. ஆயினும், தாம் கூறும் காரணம் ஊகமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இறந்தோர் உடலை ஆராயும் அறிஞர்கள் இந்நோயின் மெய்யான இருப்பிடத்தைத் தேடவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அதற்காகவே அவசரப்பட்டு நூலை வெளியிட்டதாகவும் கூறினார். தாம் கண்டது இது, கருதுவது இது என்று கோடு கிழித்து எழுதுவோர் எக்காலத்திலும் சிலரே. உரையாசிரியர் பலரோடு பழகிய நான் இதை அனுபவத்தாற் சொல்கின்றேன்.

1824 டிசம்பர் 21ஆம் நாள் பார்க்கின்சன் பாரிசவாதத்தினாற் காலமானார். கடைசி நாளிலே பேச்சுத் தடைப்பட்டது. ஷோர்டிச் புனித லெனாட் தேவாலயத்து நிலத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.

இனி, நான் முன்னே ஒத்திவைத்த விடயத்துக்கு வருகின்றேன். எனக்கு நன்னூலும் காரிகையும் கற்பித்த பண்டிதர் ஐயா ஒருவர் இருந்தார். மாணவனாக நான்கு ஆண்டும், பின்பு உதவியாசிரியனாகச் சில ஆண்டும் அவர் அருகிலிருந்தேன். முகம் மலர்ந்து, கை வீசி, குரல் உயர்த்திப் பாடம் சொல்பவர். அறுபது வயதையடுத்து அவரிடம் மாற்றம் தோன்றியது. குரல் தாழ்ந்தது. கரும்பலகையில் எழுதும் வரி, தொடக்கத்திற் பெரிதாகவும் போகப்போகச் சிறிதாகவும் அமைந்தது. பின்வாங்கிலிருந்த மாணவர் வாசிக்க முடியாமல் முணுமுணுத்தனர். நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டி நின்றது. எல்லாவற்றிலும் மேலாக, அவர் முகத்திலே சிரிப்பு அற்றுப்போயிற்று. என் முதற் கட்டுரை அச்சில் வந்த நாளில் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாசித்தார், முகத்திலே ஒரு கோடும் அசையவில்லை. என்மேல் ஏதோ மனக்கசப்பு என்று எண்ணி, அதன்பின் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டேன். மற்றவர்களும் ஐயாவுக்கு வயதோடு அகம்பாவம் வந்துவிட்டது என்றனர். மனம் உள்ளே மகிழ்ந்தாலும் முகம் அதை வெளிக்காட்ட இயலாதபடி தசைகள் விறைத்திருந்தன என்பதை எங்களுள் ஒருவரும் அறியவில்லை. அவர் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாற் கிழவர்க்கும் கிழவியர்க்கும் தெரிந்த நோயென்று யாரேனும் சொல்லியிருப்பர். ஐயா காலமாகி ஏறக்குறைய முப்பது ஆண்டாகின்றது. தமக்கை மகள் குறிகளை வாசித்த அந்த மாலையிலேதான் எனக்கு விளங்கிற்று.

நடுக்கமின்றியும் இந்நோய் வரும் என்பதை முதலில் வற்புறுத்தியவர் பிரான்சிய வைத்தியர் ஷார்க்கோ. பரிஸ் நகரத்துச் சால்பெத்ரியர் ஆஸ்பத்திரியிலே பல நூறு முதிய நோயாளரைக் கண்டவர் அவர். விறைப்பும் அசைவின் மந்தமும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். நோயாளர் சிலர் நடுங்குவதில்லை, தசையின் வலிமையும் உண்மையில் அற்றுப்போவதில்லை. ஆகவே நடுங்கும் வாதம் என்ற பெயரின் இரு பகுதியும் பொருந்தாது என வாதிட்டு, 1870ஐ அடுத்த ஆண்டுகளிலே பார்க்கின்சன் பெயரை நோய்க்கு இட்டார். இங்கிலாந்து மறந்த அப்போதிக்கரியைப் பிரான்சு நினைந்தது. அவருடைய வாழ்க்கையைத் தேடி எழுதிய முதல்வர்களுள் ஒருவரும் ஆங்கிலேயர் அல்லர். 1912இல் எழுதிய ரவுன்ட்ரி என்னும் அமெரிக்க வைத்தியரே.

நோயின் இருப்பிடத்தைத் தேடுங்கள் என்ற வேண்டுகோளுக்கு விடை வர நூறாண்டுக்குமேற் சென்றது. நடுமூளையிலே கருநிறம் பெற்ற சிறு பகுதியொன்று இருக்கின்றது. இந்நோயாற் பீடிக்கப்பட்டோரில் அக்கருமை வெளிறிப் போகின்றதென்று 1919இலே ட்ரெட்டியாக்கொவ் என்பவர் பரிசிலே காட்டினார். கருமை ஏன் வெளிறவேண்டும், வெளிறினால் கை ஏன் விறைக்கவேண்டும் என்பது பின்னரும் விளங்கவில்லை. அதற்கு மூளையின் இரசாயனத்தை அறிய வேண்டியிருந்தது.

நரம்புக்கலம் ஒன்றுக்கும் அடுத்த கலத்துக்கும் இடையிலே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி அந்த இடைவெளியைப் பெரும்பாலும் இரசாயனப் பொருளொன்றின் வாயிலாகவே கடக்கின்றது. ஒரு கலம் அப்பொருளைச் சிந்த, அடுத்த கலம் ஏற்றுக்கொள்ளும். கருநிறப் பகுதியின் கலங்கள் சிந்தும் பொருள் டோபமீன். அது மூளையின் உட்புறத்திலே அசைவைச் சீர்ப்படுத்தும் வேறொரு பகுதிக்குச் சென்று சேர்கின்றது. கருநிறக் கலங்கள் அழிய டோபமீன் குறைகின்றது. அது குறைய, அசைவைத் தொடங்குவதும் தொடர்வதும் கடினமாகின்றன. குறிகள் வெளியே தெரியும் வேளையில் டோபமீன் ஏற்கெனவே பாதிக்குமேற் குறைந்திருக்கும் என்பர்.

இக்கண்டுபிடிப்பின் வழியிலே நம் பக்கத்து மூலிகை ஒன்று குறுக்கிட்டது. சர்ப்பகந்தி என்று ஆயுர்வேத வைத்தியர் அறிந்த வேரிலிருந்து 1952இலே சுவிற்சர்லாந்து அறிஞர் ரெசர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதைக் கொடுத்தபோது, சிலர்க்குப் பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பு உண்டாயிற்று. 1957இலே சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் அம்மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. மூளையிலே டோபமீனாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளை ஏற்றியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. 1960இலே வியன்னா நகரத்து ஹோர்னிகீவிட்ஸ், எரிங்கர் என்போர், இந்நோயால் இறந்தோர் மூளையை ஆராய்ந்து டோபமீன் மிகக் குறைந்திருந்ததைக் கண்டனர். அடுத்த ஆண்டே அங்கே நோயாளர்க்கு எல்-டோபா ஏற்றப்பட்டது. 1967இலே அமெரிக்காவிலே கொற்சியாஸ் என்பவர் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே கொடுக்கும் முறையைக் காட்டிய பின்னரே அது எங்கும் பரவிற்று. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஹோர்னிகீவிட்ஸுக்குக் கிடைக்கவில்லை, அது குறித்து அறிஞர் பலர் வருந்தினர்.

டோபமீனையே கொடுத்தால் என்ன என்று வகுப்பிலே ஒரு மாணவன் கேட்கலாம். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. டோபமீன் அதைக் கடக்காது, எல்-டோபா கடக்கும், கடந்தபின் டோபமீனாக மாறும். இன்னுமொரு செய்தி. நம் வேலிகளிலே படர்ந்து, காயிலுள்ள சுணை பட்டாற் சிறுவரை நாள் முழுதும் சொறிய வைக்கின்ற பூனைக்காலியின் விதையிலே இந்த எல்-டோபா உண்டென்பதை 1937இலேயே தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே கண்டு வெளியிட்டனர். இதன் பயன் இன்னதென்று அன்று உலகம் அறிந்திருக்கவில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையைத் தேடிச் செல்லற்க. அளவு தெரியாத மருந்து நஞ்சாகலாம்.

மருந்து நோயைத் தீர்ப்பதில்லை, குறிகளைத் தணிக்கின்றது. அழிந்த கலங்கள் மீள்வதில்லை. ஆண்டுகள் செல்ல, மருந்தின் வேகம் தணிந்த வேளையில் விறைப்பும், மிகுந்த வேளையில் தன்வசமற்ற அசைவும் உண்டாகும். ஆகவே குறித்த நேரத்திலே மருந்தைக் கொடுத்தல் உயிர்நாடி போன்றது என்று தமக்கை மகள் எனக்கு விளக்கினாள். வாட்டிலே எல்லார்க்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் வழக்கப்படி, இந்நோயாளரின் மருந்து அரை மணி, ஒரு மணி பிந்தினால், அவர் கட்டிலிலே திரும்பவும் முடியாமற் கிடக்கக்கூடும். அதனை அவர் முகமும் காட்டாது. தாழ்ந்த குரலும் எட்டாது. எனவே இவ்விடத்துத் தாதிக்கு வேண்டியது, கேளாமலே கண்டுகொள்ளும் கண். ஹொக்ஸ்டன் தெருவிலே அந்த முதியவர்களை மறித்து நின்ற கண்ணும் அதுதானே.

என் ஐயா நோயுற்ற காலத்திலே இம்மருந்து உலகிற்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. எங்கள் ஊரிலே அன்று கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு வைத்தியரிடம் கேட்டிருக்கவேனும் செய்யலாம். கேட்பதற்கு முதலிற் கண்டிருக்கவேண்டும்.

விடுமுறை முடிந்து அவள் புறப்படுமுன், நான் கொடுத்த நடுக்குவாதம் என்னும் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பண்டிதர்கள் இப்படிச் செய்வது அரிது, இருந்தாலும் செய்தேன். நடுக்கம் என்ற சொல் முன்னே நின்றால், நடுங்காத நோயாளர் பின்னே மறைந்துபோவர். பார்க்கின்சன் நோய் என்றே எழுது என்றேன். அந்தத் தாடிக்காரரின் படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். பார்க்கின்சன் 1824இலே மறைந்தார். புகைப்படக்கலை மக்களிடையே அறிமுகமானது 1839இல். ஆதலின் அவருக்குப் புகைப்படம் இருக்க வழியில்லை. ஓவியமாக வரையப்பட்ட உருவமும் இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. அவர் பெயர் கொண்ட வேறு சிலரின் படங்களை அவருடையவை என்று புத்தகங்களிலே போட்டுவிடுகின்றார்கள்.

படத்தை உரித்த இடத்திலே கடதாசி சிறிது கிழிந்துவிட்டது. அங்கே என்ன ஒட்டுவதென்று கேட்டாள். என் பெட்டியிலே ஐயா எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியை அவள் உரக்க வாசித்தாள். மூன்றாவது வரியிலே கண்ணருகே பிடித்தாள். நான்காவது வரிக்கு என் கண்ணாடியைக் கேட்டாள். அந்த வரியிலே ஐயா என் முதற் கட்டுரையைப் பாராட்டி எழுதியிருந்தார்.